வலது காதில் போன், இடது காதில் மைனி

“லைன்ல இருங்க, லைன்லயே இருங்க. மைனி தேடுதா.”

வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே டெலிபோன் ரிசீவர், இடது காதில் இயர்போன். பிரேமலதாவின் பத்து விரல்களும் கீபோர்டின் மேல் ஓடுகின்றன. அவள் மேஜையில் மவுஸ் கிடையாது. கணினி வந்த அன்றைக்கே “எலிக்கு இங்க சோலி இல்ல” என்று அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டாள். பேசுகிறவருக்கு ஒரு காது, கணினிக்கு ஒரு காது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

மைனி, அதாவது அண்ணி, என்று அவள் சொல்வது, திரையில் உள்ள எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருளின் பெண்குரலை. அவள் வைத்திருக்கும் வேகத்தில் அதைக் கேட்டால் மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. தகரத்தின் மேல் மழை கொட்டுவது போலிருக்கும். “மெதுவாச் சொன்னா எனக்கு உறக்கம் வந்துரும். எங்க பெரிய மைனியும் இப்படித்தான், மூச்சு விடாமப் பேசுவா. அதான் அந்தப் பேரு” என்பாள்.

நாற்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் வீடு. காலையில் சயான் ஸ்டேஷனில், ஊனமுற்றோர் பெட்டி வந்து நிற்கும் இடத்தைக் காட்ட பீப் பீப் என்று ஒரு கருவி ஒலித்துக்கொண்டிருக்குமே, அதற்கு நேர் கீழே நிற்பாள். “நம்ம டப்பாவுல யாருக்கு என்ன சங்கதின்னு குர்லா வர்றதுக்குள்ள எல்லாம் தெரிஞ்சிரும்.” குர்லாவில் இறங்கி பஸ் பிடித்து, ஒன்பதேகாலுக்கு முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பதினாறு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர். எல்லார் கையிலும் மொபைல் வந்ததும், ‘அந்த செக்‌ஷனுக்குக் கொடுங்க’ என்கிற அழைப்புகள் நின்றுபோயின. ஆனால் வேறு அழைப்புகள் வரத் தொடங்கின. பார்வையில்லாத மாணவர்கள், விரல் நடுங்குகிறவர்கள், சக்கர நாற்காலியிலிருந்து இரண்டு மாடி ஏற முடியாதவர்கள் என்று ஒரு முப்பது பேர். “இந்தப் புத்தகம் இருக்கா அக்கா? எந்த மாடி? எடுத்து வைக்க முடியுமா?” பிரேமலதா அலுவலகக் கணினியில் தேடிச் சொல்வாள். முன்பே கேட்ட புத்தகமென்றால் தேடுவதும் கிடையாது. அலமாரி எண் நாக்கு நுனியில் இருக்கும்.

சென்ற ஜூனில் நூலகத்துக்குப் புதிய ஆன்லைன் புத்தகப் பட்டியல் சோதனை முறையில் வந்தது. வீட்டிலிருந்தே தேடலாம், வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். பார்த்தவர்களெல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். பழைய பட்டியலை ஆகஸ்டில் மூடிவிடுவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வாரத்திலிருந்தே பிரேமலதாவின் போன் ஓயாமல் அடித்தது.

முதலில் கூப்பிட்டவன் அப்துல் வாஹித். கோபர்கைரனேயில் இருப்பவன், வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறான். அவனுக்கும் பார்வை இல்லை.

“அக்கா, நாப்பது நிமிசமா உக்காந்திருக்கேன். பட்டன், பட்டன், பட்டன். அதைத் தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.”

பிரேமலதா உடனே தானும் திறந்து பார்த்தாள். மைனியும் அதையேதான் சொன்னாள். பட்டன். பட்டன். எதற்கான பட்டன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. புத்தக அட்டை வந்த இடத்தில் மைனி நீளமாக ஓர் எண்ணைப் படித்தாள். தேடு என்று கொடுத்தால் முடிவு வந்ததா இல்லையா என்று வாயே திறக்கவில்லை. தமிழ்ப் புத்தகத்தின் பெயர் வரும் இடத்தில் ஒரேயடியாக ஊமையாகிவிட்டாள்.

“அடப் பாவிகளா, எங்க மைனியையே வாயடைச்சுட்டாங்களே!” என்றாள் பிரேமலதா. கோபம் வந்ததுதான். ஆனால் கோபத்தைவிட, கையில் ஒரு வேலை கிடைத்த குறுகுறுப்பு அதிகமாக இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பட்டியலின் ஒவ்வொரு மூலையையும் தட்டிப் பார்த்தாள். எங்கெங்கே வழி அடைபடுகிறது, அங்கே என்ன கேட்கிறது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதினாள். மொத்தம் அறுபத்துமூன்று குறைகள். அதை அச்செடுத்துக்கொண்டு துணை நூலகர் ஸ்ரீலேகாவின் அறைக்குப் போனாள்.

ஸ்ரீலேகா மாட்டுங்காக்காரி. எதையும் முழுக்கப் படிக்காமல் பதில் சொல்லாதவள். படித்து முடித்துவிட்டு, “இத்தனையா? எனக்கு ஒண்ணுகூடத் தெரியலையே பிரேமா. நன்னாத்தானே இருக்குன்னு நெனச்சுண்டிருந்தேன்” என்றாள். மறுநாளே, பட்டியலைச் செய்து கொடுத்த நிறுவனத்திலிருந்து எஞ்சினியரை வரச் சொன்னாள்.

வந்தவன் ஜீஷான். முப்பது வயதுக்குள் இருப்பான், மரியாதையான பையன். இந்தியில்தான் பேச்சு.

“மேடம், நாங்க சோதனை பண்ணியாச்சு. அதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்திநாலு மார்க் வாங்கியிருக்கோம். இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். முதல்ல திறந்துடலாம், ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம்.”

ரெண்டாவது கட்டம் என்பது எந்த வருடம் வரும் என்று பிரேமலதாவுக்கு நன்றாகத் தெரியும். நூலக வாசலில் சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதையும் அப்படி ஒரு கட்டத்தில் இருக்கிறது.

“பாய், ஒண்ணு கேக்கவா? நாளைக்குக் காலைல ஒன்பதரைலேருந்து ஒரு மணி வரைக்கும் என் சீட்ல நீங்க உக்காருங்க. போன் வரும், எடுங்க. புத்தகம் தேட வழி கேப்பாங்க, சொல்லுங்க. அவ்வளவுதான். நான் பக்கத்துலயே இருப்பேன், வாய் தெறக்க மாட்டேன்.”

ஜீஷான் சிரித்தான். அரை நாள் போன் எடுப்பது ஒரு வேலையா? சரி என்றான்.

மறுநாள் ஒன்பதரைக்கு அவன் கையில் ரிசீவர். தன் மடிக்கணினியில் புதிய பட்டியலைத் திறந்து வைத்திருந்தான். பிரேமலதா பக்கத்து ஸ்டூலில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் பாதம் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முதல் அழைப்பே வாஹித்.

“அக்கா இல்லையா? நீங்க யாரு? அட, பட்டியல் கம்பெனிக்காரரா! ரொம்ப நல்லதாப் போச்சு. நான் இப்ப உங்க பக்கத்தைத்தான் திறந்து வச்சிருக்கேன். புத்தகப் பேரை அடிச்சிட்டேன். அடுத்து என்ன?”

“தேடுங்கிற பட்டனை அழுத்துங்க. பெட்டிக்கு வலது பக்கம், பூதக்கண்ணாடிப் படம்.”

“எனக்குப் படம் கேக்காதே பாய். பட்டன்னு ஏழு கேக்குது. அதுல எத்தனையாவது?”

ஜீஷான் திரையை எண்ணினான். மறுபடியும் எண்ணினான். கண்ணுக்குத் தெரிகிற வரிசையும் வாஹித்தின் காதில் விழுகிற வரிசையும் வேறுவேறாக இருந்தன. எப்படியோ ஐந்தாவதில் தேடல் நடந்தது.

“புத்தகம் உள்ள இருக்கா, வெளிய போயிருக்கா? அது எங்க தெரியும்?”

“பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கும். பச்சையா இருந்தா உள்ள இருக்கு.”

“சரி. பச்சைக்கு எந்தக் கீயை அழுத்தணும்?”

வாஹித் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். ஜீஷானின் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் பிரேமலதாவுக்குக் கேட்டது. “நானே பார்த்துச் சொல்றேன்” என்றான் கடைசியில். வாஹித் நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

நான்காவது அழைப்பு அணுசக்தி நகரிலிருந்து கீதா. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். கை விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பாள். ஜீஷான் உற்சாகமாகிவிட்டான். இந்தப் பெண்ணுக்கு வழி சொல்வது சுலபம். ‘முன்பதிவு’ பக்கத்துக்குப் போய்ப் பெயரையும் அட்டை எண்ணையும் அடிக்கச் சொன்னான். போனில் சத்தம் கேட்டது. டக். வெகு நேரம் கழித்து இன்னொரு டக். அவன் காத்திருந்தான். டக்.

“போச்சு” என்றாள் கீதா.

“என்ன போச்சு?”

“உங்கள் நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வாருங்கள்னு வந்திருக்கு. பரவாயில்ல. இது மூணாவது தடவை. திரும்ப அடிக்கிறேன், இருக்கீங்களா?”

ஜீஷான் இருந்தான். அவள் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்த ‘நேரம் முடிந்தது’ என்பதைப் பட்டியலில் வைத்தவன் அவனேதான். இரண்டு நிமிடம் தாராளம் என்று நினைத்து வைத்தது.

பதினோரு அழைப்புகள் முடிந்தபோது மணி பன்னிரண்டு. ஜீஷான் ரிசீவரை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, “தீதி, உங்க லிஸ்ட் எங்க?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டான்.

பிரேமலதா அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த ஒன்பது நாளும் அந்த மூலையில் திருவிழாதான். ஜீஷான் ஒன்றைச் சரிசெய்வான், பிரேமலதா தட்டிப் பார்ப்பாள். “சொல்லிட்டா! தேடு பட்டன்னு சொல்லிட்டா!” என்று கத்துவாள். அடுத்தது. “இல்ல பாய், இங்க விழுந்துட்டா. மேல போயி மொதல்லேருந்து வாசிக்கா.” மறுபடி. பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் ‘உள்ளே இருக்கிறது’ என்ற எழுத்து வந்தது. இரண்டு நிமிடம் இருபது நிமிடமானது. அதுவும் முடியும் முன்னால், ‘இன்னும் நேரம் வேண்டுமா?’ என்று பட்டியலே கேட்டது. கீதா போனிலேயே சோதித்து, ஒரே மூச்சில் முன்பதிவை முடித்தாள். போனின் இரண்டு பக்கமும் கூச்சல்.

ஆறாம் நாள் நிறுவனத்தின் மேலாளர் கூப்பிட்டார். இருபது சரியாகிவிட்டதே, மீதியை விட்டுவிட்டு ஒப்புதலில் கையெழுத்துப் போடக் கூடாதா என்று கேட்டார். ஸ்ரீலேகா குரலை உயர்த்தவில்லை.

“அறுபத்துமூணும் முடியட்டும் சார். அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். பேனா எங்கிட்டதான் இருக்கு” என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தாள். மறுநாளிலிருந்து ஜீஷானுடன் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

எட்டாம் நாள் தமிழுக்கு வந்தார்கள். எந்தப் புத்தகம் எந்த மொழி என்பது நூலகக் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. அதைக் குரலுக்குத் தெரியும்படி செய்தால் போதும் என்று ஜீஷான் கண்டுபிடித்தான். பிரேமலதா தேடினாள். இயர்போனில் தெளிவாக விழுந்தது: ‘மீன்பிடி வலைகளும் முடிச்சுகளும்’.

பார்வையற்றோர் பள்ளியில் அவள் படித்தது மராத்தி. தமிழ் அவளுக்கு வாயில் மட்டுமே இருக்கும் மொழி. தமிழ்ப் புத்தகத்தின் பெயரை யாராவது வாசித்துச் சொல்லித்தான் இதுவரை கேட்டிருக்கிறாள்.

“மைனிக்குத் தமிழ் வந்துட்டு!”

வாசிப்புக் கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்ரீலேகா அறையிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னாச்சு பிரேமா? விழுந்துட்டியா?”

“மேடம், தமிழ் பேசுதா மேடம்! வலையாம், முடிச்சாம்! கேளுங்க, இந்தாங்க!” என்று இயர்போனை ஸ்ரீலேகாவின் காதில் செருகினாள். அந்த வேகத்தில் ஸ்ரீலேகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், “பேஷ், பேஷ்” என்றாள்.

பூலோகம் என்பவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. அலமாரிகளிலிருந்து புத்தகம் எடுத்துத் தரும் ஊழியர், சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அன்று டீ குடிக்கும்போது கேட்டார்.

“யக்கா, ஒன் சீட்ட நீயேல்லா காலி பண்ணுத. எல்லாவனும் வீட்லேருந்தே தேடிக்கிட்டான்னா, ஒனக்கு எவன் போன் பண்ணுவான்?”

பிரேமலதா அதை நினைக்காமலில்லை. இரண்டு நாளாக ரயிலிலும் அதே நினைப்புதான். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

“காலியாவட்டும்டே. நான் அஞ்சரைக்குப் பைய எடுத்துட்டுப் போயிருதேன். சனி, ஞாயிறு லீவு. அப்பவும் வாஹித்துக்குப் புத்தகம் வேணும்லா? நம்மகிட்ட கேட்டுத்தான் தேடணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்தா?”

அறுபத்துமூன்றாவதும் முடிந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீலேகா கையெழுத்துப் போட்டாள். அதே பேனாவால் பதிவாளருக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். பல்கலைக்கழகம் இனி இணையத்தில் எதைத் திறந்தாலும், முதலில் பிரேமலதா சோதித்துச் சொல்ல வேண்டும், அதுவே அவள் வேலையாக இருக்கட்டும் என்று. சாயங்காலமே பதில் வந்தது. தேர்வுப் பிரிவின் விண்ணப்பப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பழைய பட்டியலை மூடினார்கள். ஒன்பதேகாலுக்குப் பிரேமலதா உட்கார்ந்தாள். ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று, போன் அடிக்கவில்லை. முன்பதிவுப் பட்டியலைத் திறந்து மைனியை வாசிக்கச் சொன்னாள். அப்துல் வாஹித், இரண்டு புத்தகம், ஞாயிறு காலை ஆறு பத்து. கீதா, ஒன்று. அதன் பிறகு வரிசையாகப் பதினான்கு பெயர்கள். எல்லாம் அவளுக்குக் குரலாகத் தெரிந்தவை.

பதினொன்றரைக்கு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். லைன் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த ஒற்றை ஒலியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ரிசீவரை வைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் போனை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி, கீபோர்டை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தேர்வுப் பிரிவின் பக்கத்தைத் திறந்தாள்.