தேதி போடாத குறிப்புகள்

தையல் கம்பெனியில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். நாற்பது அடுக்குத் துணியைக் கோடு பிசகாமல் வெட்டுகிற கை அவளுடையது; வாயும் அதற்குச் சளைத்ததில்லை. மேலாளரே அவளிடம் ஏதாவது கேட்பதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவளை ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கையளவு போன் ஒன்று தரையில் உட்காரவைத்துவிட்டது.

மகளுக்கு இப்போது பதினேழு வயது. எட்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் போனில் ஒரு குறிப்பு ஆப்பில் அவள் எழுதிவந்தாள். எவ்வளவு நேரம் இருந்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, விழுந்தாளா, அடிபட்டதா என்று எல்லாமே. ஒன்பது வருஷத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது குறிப்புகள் சேர்ந்திருந்தன.

அந்த ஆப்பை மூடப்போகிறோம் என்று அதை நடத்துகிறவர்கள் மூன்று மாதமாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மருந்துச் சீட்டைத் தவிர வேறெதையும் முழுசாகப் படிக்க அவளுக்கு நேரம் இருந்ததே இல்லை. கடைசி வாரத்தில்தான் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை மாலை ஆறு மணியோடு சரி. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர்கள் கூடி மகளுக்கு மூளையில் ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவெடுக்கிறார்கள். முதல் வலிப்பிலிருந்து தேதி வாரியாகப் பட்டியல் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை தவறினால் அடுத்த கூட்டம் ஒரு வருஷம் கழித்து. போன மாதம் குளியலறையில் விழுந்து மகளுக்கு நெற்றியில் ஆறு தையல். இன்னொரு வருஷத்தை அந்த உடம்பு எப்படித் தாங்கும்?

வேறு ஆப் தேடினாள். போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒன்றைச் சொன்னான். அதில் எழுதுவதை வீட்டில் எல்லோரும் பார்க்கலாமாம். வேண்டாம் என்றாள். மேலாளர் தன் ஆப்பைக் காட்டினார். கலர் கலராகக் கட்டங்கள், நினைவூட்ட மணி, எல்லாம் இருந்தது. பூட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அதுவும் வேண்டாம். நெடுந்தூரம் லாரி ஓட்டுகிற கணவன் வழியிலிருந்து போனில் பேசியபோது, வலிப்புக் கணக்குக்கு எதற்குப் பூட்டு, யார் திருடப்போகிறார்கள் என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அந்தக் குறிப்புகளுக்கு நடுநடுவே, வலிப்பே வராத நாட்களிலும் அவள் எழுதியிருந்தாள். யாரிடமும் சொல்ல முடியாததை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? 'இன்னைக்கு வரலை. ஆனா என்னால முடியலை. இவளை யார்கிட்டயாவது விட்டுட்டு எங்கேயாவது போயிடணும்போல இருக்கு.' அதைவிட மோசமாகவும் சில இருந்தன. அவற்றை அழிக்கவும் மனசு வந்ததில்லை.

கடைசியில் பூட்டு உள்ள ஆப் ஒன்றை அவளே தேடிப்பிடித்தாள். தம்பி அவள் கண் முன்னாலேயே, ஒன்றையும் திறக்காமல், பழையதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். திறந்து பார்த்தவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒவ்வொரு குறிப்பின் மேலும் அன்றைய தேதிதான் இருந்தது. ஒன்பது வருஷத்து வலிப்பும் ஒரே செவ்வாய்க்கிழமை வந்துவிட்டுப் போனதுபோல வரிசையாக நின்றது. பழைய ஆப் தேதியும் நேரமும் தானாகவே போட்டுக்கொள்ளும். அதனால் ஒரு குறிப்பில்கூட அவள் கையால் தேதி எழுதவில்லை. 'இப்பதான் வந்துச்சு', 'நேத்து மாதிரியே இன்னைக்கும்' என்றுதான் எழுதியிருந்தாள். எந்த நேற்று?

பழைய ஆப்பில் ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து, மூன்று இடத்தில் தட்டினால்தான் தேதி தெரியும். திரையைப் படம் பிடிக்கலாமென்றால் அத்தனை படத்துக்குப் போனில் இடம் இல்லை. தம்பியின் போனிலோ கம்பெனிப் பையன்கள் போனிலோ படம் பிடிக்கலாம்; ஆனால் அந்தக் குறிப்புகளை அடுத்தவர் கையில் கொடுப்பதற்குப் பதில் அவள் செத்துப்போகலாம். கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். நோட்டுப்புத்தகம் வாங்கிவந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். புதன்கிழமை முழுக்க எழுதியும் பாதி தாண்டவில்லை. கூட எழுதட்டுமா என்று மகள் கதவுக்கு வெளியே இரண்டு முறை கேட்டாள். போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தாள்.

வியாழன் காலை பதினோரு மணிக்குச் சமையலறையில் தட்டு விழுந்த சத்தம். ஓடினாள். மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். இரண்டு நிமிஷம். அடங்கியதும் பழக்கத்தில் கை போனுக்குப் போனது. 'புதிய குறிப்புகள் சேர்க்க இயலாது' என்றது திரை. பையில் கிடந்த துணி சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே நேரத்தை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அசந்து தூங்கிய மகள் எழுந்தபோது மணி இரண்டு. பாக்கி முந்நூற்று அறுபது. எழுதி எழுதித் தாய்க்கு விரல் மரத்து, எழுத்து கோணலாகிக்கொண்டிருந்தது. தனியாளாக முடியாது என்று கணக்குத் தெரியாதவளுக்கும் தெரியும்.

மகள் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"போனைக் குடும்மா. நான் படிக்கிறேன், நீ எழுது."

கொடுத்தால் பிள்ளை எல்லாவற்றையும் படித்துவிடுவாள். கொடுக்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சற்று நேரம் மகளின் நெற்றித் தையல் தழும்பையே பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள்.

"தேதியும், எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கிறதும் மட்டும் சொல்லு. மத்ததைப் படிக்காதே."

மகள் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். வேலை மளமளவென்று நடந்தது. முப்பதாவதோ நாற்பதாவதோ குறிப்பில் குரல் நின்றது. இவள் நிமிரவில்லை. பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"மார்ச் பதினொண்ணு," என்றாள் மகள். "இதுல எவ்வளவு நேரம்னு இல்ல. சும்மா ஒரு வட்டம் போட்டு வை."

வட்டம் போட்டாள். அதற்குப் பிறகு இன்னும் இருபத்திரண்டு வட்டங்கள் வந்தன. ஒன்றுக்கும் மகள் காரணம் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஐந்து ஐம்பதுக்குக் கடைசிக் குறிப்பு முடிந்தது. ஆறு மணிக்குத் திரை வெள்ளையானது.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். இதைவிடத் தெளிவான பட்டியலைத் தான் பார்த்ததில்லை என்றும், ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளைத் திங்கட்கிழமையே தொடங்கலாம் என்றும் சொன்னார். அவளுக்குக் காதில் பாதிதான் விழுந்தது. அப்போது அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இந்த வட்டங்கள் என்ன, அன்றைக்கு வந்தது எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். என்ன பொய் சொல்வது என்று அவள் தடுமாறினாள்.

"அது எனக்கு வந்தது இல்ல டாக்டர்," என்றாள் மகள். "அம்மாவுக்கு வந்தது."

ஒன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அழாதவள் அன்றைக்கு அழுதாள். நாலு டாக்டர்கள் பார்க்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது மகள் போனை வாங்கி ஏதோ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பூட்டு வைத்த ஆப் போயிருந்தது. அந்த இடத்தில், தம்பி முதலில் சொல்லி இவள் வேண்டாம் என்ற ஆப் இருந்தது. இருவரும் எழுதலாம், இருவரும் படிக்கலாம். ஒரே ஒரு குறிப்பு இருந்தது. தேதியைக் கையாலேயே போட்டிருந்தாள்.

'ஜூலை 19, வெள்ளி, காலை 10.40. அம்மாவுக்கு வந்துச்சு. நாலு நிமிஷம் இருந்துச்சு. விழலை. நான் பக்கத்துல இருந்தேன்.'