புகை வந்தால்தான் ஓய்வு

சுருட்டை விட்டொழிக்க மன உறுதி வேண்டும் என்று யாராவது பிரசங்கம் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பினாங்குத் துறைமுகக் கிட்டங்கியில் நாங்கள் அரிசி மூட்டை தூக்கிய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சுருட்டுப் பற்றவைத்தவன் அது தீரும்வரை உட்காரலாம். மற்றவன் மூட்டை தூக்கவேண்டும். புகைக்கத் தெரியாமல் கப்பலிறங்கியவர்கள்கூட அதனாலேயே சீக்கிரம் பழகிக்கொண்டார்கள்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளி, இருமலில் இரத்தத்தைக் கண்டதும் சுருட்டை விட்டுவிட்டான். ஊரில் கைக்குழந்தை இருக்கிறது என்றான். அன்றிலிருந்து நாங்கள் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் மூட்டையோடு போய்வந்தான். ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு வந்து, என்னிடம் ஒரு சுருட்டை வாங்கி, பற்றவைக்காமல் வாயில் கவ்விக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எங்களை வேலை வாங்கிய தண்டல் அதைப் பார்த்துவிட்டார்.

“புகை எங்கடா?”

“நெஞ்சு வலிக்குதுங்கய்யா. கொஞ்சம் சும்மா உட்கார்ந்துக்கிறேன்.”

“சும்மா உட்கார்றதுக்கா கூலி? பத்த வை, இல்லன்னா எந்திரிடா.”

அவன் குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்தான். பிறகு என்னிடம் தீப்பெட்டி கேட்டான்.

மழைக்காலம் முடியுமுன் அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனோம். “சுருட்டு கொன்னுடுச்சு” என்றார் தண்டல்.

அவர் புகைத்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு நாற்காலி இருந்தது.