பதினோராவது விதியின் கட்டில்

அப்பா ஷார்ஜா தொழில்பேட்டையில் தொழிலாளர் கேம்ப் சூப்பர்வைசர். அவருடைய கம்பெனி துபாய் அல் கூஸில் இன்னொரு கேம்பை ஆட்களோடு சேர்த்து விலைக்கு வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. புதுக் கேம்புக்குச் சட்டதிட்டம் வேண்டுமே! ஷார்ஜா கேம்புக்கு என்றோ ஒரு வெள்ளைக்கார மேனேஜர் எழுதிவைத்த விதிகள் கம்ப்யூட்டரில் இருந்தன. ஷார்ஜா என்று வந்த இடத்திலெல்லாம் நான் அல் கூஸ் என்று மாற்றினேன். "பத்தே நிமிஷத்துல சட்டம் ரெடி!" என்று அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். கிணற்றடியில் ஒட்டகம் கட்டக்கூடாது என்ற விதியும் அப்படியே போனது. அங்கே கிணறும் கிடையாது, ஒட்டகமும் கிடையாது.

பதினோராவது விதி இது: கடைசி அறையின் வாசலோரக் கட்டிலில் யாரும் தூங்கக்கூடாது; பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். ஏன் என்று எழுதியிருக்கவில்லை.

சில மாதம் கழித்து ஊரிலிருந்து ஒரு புது ஆள் வந்தார். அந்தக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. தரையில் படுத்துப் படுத்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பா கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

அறைக்குள் ஆட்கள் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

"யாரும் தொடலண்ணே. ஆனா தெனமும் கொறையுது," என்றார் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர்.

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா சிரித்தார். "அட போங்கப்பா! எவனாவது குடிச்சிருப்பான். புது ஆளு படுக்கட்டும்."

"போன வருசம் சைட்ல வெயில்ல சுருண்டவன இந்தக் கட்டில்லதான் கொண்டாந்து போட்டோம். தண்ணி தண்ணின்னான். எடுத்தாறதுக்குள்ள கலாஸ், உசுரு போயிருச்சு. அப்ப நீங்க யாருமே இங்க இல்ல. உங்க சட்டத்துல இந்தக் கட்டில் எப்படிண்ணே வந்துச்சு?" என்று ராமநாதபுரத்துக்காரரே கேட்டார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்ததும், "அந்த வரிய அழிச்சிடட்டுமாப்பா?" என்றேன்.

"ஐயோ, தொடாத!" என்று கத்தினார். மறுநாள் என்னுடைய மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார். பேய்க்குப் பயந்து என் கட்டிலைக் கொடுத்துவிட்டாரே என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

அப்பா பயந்தது உண்மைதான். பேய்க்கு அல்ல என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஷார்ஜா கேம்பில் அதே மாதிரி காலிக் கட்டில் ஒன்றைத் தினமும் தாண்டிப் போய்வந்தவர் அவர். அங்கே முதலில் தண்ணீர் கேட்டுக் கிடந்து செத்தது யார் என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.