சதுரங்கப்பட்டினத்தில் துண்டு போட்டேன்

சதுரங்கப்பட்டினத்தில் இறங்கியதுமே, வந்த பஸ்ஸிலேயே திரும்புவதற்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறேன். இரண்டு மணிக்குக் கிளம்பும் இதை விட்டால் இன்று செங்கல்பட்டுக்கு வேறு வண்டி கிடையாது. கோட்டைச் சுவரோரம் ஆடுகள் மேய்கின்றன. கடைத்தெருவில் பாதிக் கதவுகளில் துருப்பிடித்த பூட்டு. நான் எதையும் நின்று பார்க்காமல், நாலு தடவை ஓடிப்போய்த் துண்டைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன்.

டீக்கடை பாய் சிரிக்கிறார். "வண்டியில ஈ காக்கா இல்ல, அண்ணாத்த. ஆருக்குப் பயந்துகினு கீற?"

"நேரத்துக்குக் கிளம்பிடுமே, பாய்!"

"டிரைவரு மாமியா வூடு இங்கதான். மீன் கொழம்பு துன்னாம நவுர மாட்டாரு."

இரண்டரைக்கு ஏப்பத்தோடு வருகிறார் டிரைவர். "இன்னா, துன்னலியா? கொழம்பு மீந்து கீது, போய்த் துன்னுட்டு வா. ஒத்த சவாரி, உன்ன வுட்டுட்டு ஆரை ஏத்திகினு போவேன்?"

பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல் அவர் மாமியார் வீட்டை நோக்கி நடக்கிறேன்.