மேட்ரன் பூனையும் எங்கள் அக்காவும்

பதுளையில் அக்கா படித்த மகளிர் கல்லூரி விடுதியில் இரண்டு மேட்ரன்கள் இருந்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மையார். மற்றது ஒரு சாம்பல் நிறப் பூனை. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் மேசைகளுக்கிடையே ஓசைப்படாமல் நடந்து, யார் தூங்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் போவதால் அதற்கு அந்தப் பெயர். "மேட்ரன் வாராங்க" என்றால் புத்தகத்தை எடுப்பார்களாம். "மேட்ரன் வருது" என்றால் ஒளித்து வைத்த மீன்தலையை எடுப்பார்களாம். அம்மையாருக்கு இந்த விஷயம் கடைசிவரை தெரியாது என்று அக்கா சத்தியம் செய்வாள். எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

வருடா வருடம் உயர்தர வகுப்பு முடித்த பிள்ளைகள் விடுதியை விட்டுப் போகும் நாளில் பூனைக்கு ஓயாத வேலை. ஒருத்தி தகரப்பெட்டியோடு படியிறங்கினால் கூடவே இறங்கும். கேட்வரை போய், அவள் காலில் ஒருமுறை உரசிவிட்டு, அடுத்தவளை அழைத்துவரத் திரும்பி ஓடும். இவ்வளவு பாசமா என்று பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள். அவர்கள் கையிலிருந்த கருவாட்டுத் துண்டுக்கும் அந்தப் பாசத்தில் கொஞ்சம் பங்கு இருந்திருக்கலாம்.

அக்காவின் முறை வந்த வருடம் அவளைக் கூட்டிவர அப்பாவும் நானும் பசறையிலிருந்து பஸ்ஸில் போனோம். எனக்கு எட்டு வயது. அடுத்த மாதம் அவள் பெரியப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறாள் என்பது எனக்கும் தெரியும். இந்தியா என்பது பண்டாரவளையைத் தாண்டி இன்னும் கொஞ்ச நேரம் ரயிலில் உட்கார்ந்தால் வரும் ஊர் என்று நினைத்திருந்தேன். தீபாவளிக்கு வரும்போது எனக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்றுகூட அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் போக வேண்டி வந்ததற்குக் காரணம் பெரியப்பா சொன்ன ஒரே ஒரு எண். அவர் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லாததால் அக்காவைச் சின்ன வயதிலேயே அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார். பிறகு பதுளை விடுதியில் சேர்த்ததும் அவர்தான். தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று இரண்டு அரசாங்கமும் பிரித்து எழுதிய காலம் அது. பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, பையன்கள் மூன்று பேரோடு அக்காவையும் சேர்த்து, "நாலுங்க" என்றார். தம்பி மகளை மகள் என்று சொல்வதுதான் எங்களிடம் முறை. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. அக்காவுக்குப் பெரியப்பாவோடு பாஸ்போர்ட் வந்தது. திருத்தித் தரச் சொல்லி அப்பா இரண்டு வருடம் அலைந்தார். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

விடுதிக்குள் ஆண்கள் போக முடியாது. அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார். நான்தான் உள்ளே போய் அக்காவின் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தேன். பூனையும் கூடவே வந்தது. அக்கா கையில் கருவாடு எதுவும் இருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் எல்லோரும் கேட்டில் நின்று, "மேட்ரன், போயிட்டு வாரோம்" என்று அழகாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா பெட்டியை இறக்கி வைத்தாள். மழை பெய்து சேறாகக் கிடந்த தரையில் அப்படியே குந்தி, பூனையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, "போறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"ஐயோ அக்கா, போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வாரேன்னு சொல்லணும்" என்றேன்.

"பூனைகிட்டத்தானே பாப்பா சொன்னேன்" என்று அவள் எழுந்துகொண்டாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல். உள்ளேயிருந்து அடுத்தவள் கூப்பிட்டுப் பார்த்தாள், பூனை போகவில்லை. நாங்கள் பஸ் ஏறும்வரை அது கேட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அக்காவை அதற்குப் பிறகு ஒரு மாதம்தான் பார்த்தேன்.

அவர்கள் இந்தியாவுக்கு ரயில் ஏறிய நாளில், பதுளை ஸ்டேஷனில் போகிறவர்களைவிட அழுகிறவர்கள்தான் அதிகம். பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலுன்னு சொல்லிட்டேனே தம்பி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா, "அவ ஒங்க மகதானே அண்ணே" என்றார்.

ரயில் ஊதியது. அக்கா ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்து, "போயிட்டு வாரேம்மா" என்றாள். அப்பாவிடமும் அப்படியே சொன்னாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வாரேன் பாப்பா" என்றாள். அதைக் கேட்டதும் அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினாள். முறையாகச் சொல்லிக்கொண்டு போகிறவளுக்காக எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சரியாத்தானேம்மா சொன்னிச்சு, நான்தான் அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.