செய்வினை ஆன செம்புத் தகடு

மேட்டுப்பட்டி வயர்மேன் சிலுவைமுத்துவைப் போல என் பொறுமையைச் சோதித்த மனிதர் திண்டுக்கல்லில் வேறு யாருமில்லை. 1961இல் என் பூட்டுப் பட்டறைக்கு டிரில்லிங் மிஷின் வந்தபோது லைன் இழுத்துக் கொடுத்தவர் அவர்தான். இளவயதில் வாங்கிய ஷாக்கில் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. அதனாலோ என்னவோ, மனிதருக்கு எர்த் பைத்தியம்.

மிஷின் வந்து நாலு நாளாகியும் கரண்ட் கொடுக்கவில்லை. எர்த்துக்குச் சுவரோரம் ஆளுயரக் குழி வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பாறை லேசில் கடப்பாரைக்கு வழிவிடுமா? அடியில் செம்புத் தகடு, மேலே கரியும் உப்பும் மாறி மாறி, அங்கிருந்து மிஷினுக்குக் கம்பி. போதாததற்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில்!

"எதுக்குண்ணே இம்புட்டுக் கூத்து?" என்றேன்.

"வயரு அந்து மிஷின்ல பட்டுச்சுன்னா, கரண்டு மண்ணுக்குள்ள போகணும் பாய். வழி இல்லேன்னா ஒச்சப்பன் மேல பாயும்."

ஒச்சப்பன்தான் மிஷினில் நிற்பவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். துளை போடும்போது சூடு தணிய ஊற்றும் சோப்புத் தண்ணீர் வழியும் தரையில் வெறுங்காலோடு நிற்பான். செருப்புப் போடச் சொன்னால், சாமி மாதிரி கும்பிடுகிற மிஷின் முன்னால் போடலாமா என்பான்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை, பட்டறை திறக்கும்போதே எர்த்தைச் சோதிக்கவென்று சிலுவைமுத்து கூப்பிடாமல் வந்து நின்றார். குழி பெயர்ந்து கிடந்தது. முந்தின நாள் எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. கட்டடத்துச் சொந்தக்காரி பொன்னழகு அம்மாளின் பசுமாடு செத்துப்போக, சந்தேகப்பட்டு ஆள் வைத்துத் தோண்டியிருக்கிறார். தகடு, கரி, உப்பு! எல்லாவற்றையும் அள்ளிக் குடகனாற்றில் போட்டுவிட்டார்.

"எந்தப் பாவி வச்ச செய்வினையோ! நல்லவேளை பாய், ஒங்க பட்டறையும் தப்பிச்சிருச்சு," என்றார் அம்மாள் பெருமையாக. தலையிலடித்துக்கொண்டேன்.

சிலுவைமுத்து அவரோடு சண்டைகூடப் போடவில்லை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தகடு வாங்கி வைங்க, நாளைக்கு வாரேன்," என்று வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிவிட்டார். திங்கட்கிழமை மதுரைக்காரருக்கு முந்நூறு பூட்டு போக வேண்டும். வந்த ஆத்திரத்தில் வேறு கட்டை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த அளவில் எங்கும் இல்லை. அன்றைக்கு அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

மறுநாள் வந்து, புதுத் தகடு புதைத்து, மூன்று குடம் ஊற்றவைத்த பிறகே கட்டையை மாட்டினார். மிஷின் கால் மணி நேரம் ஓடியிருக்கும். டப்பென்று ஃபியூஸ் போய்விட்டது.

"ரெண்டு நாளா உசுர வாங்கினது இதுக்குத்தானாண்ணே?" என்று கத்தினேன்.

அவர் கரண்டை நிறுத்திவிட்டு மோட்டாருக்கு அடியிலிருந்த மூடியைக் கழற்றினார். வயரின் மேல்தோல் உரசித் தேய்ந்து, செம்பு இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது ரொம்ப நாளா தேஞ்சிருக்கு பாய். இப்ப இரும்புல பட்டதும் கரண்டு மண்ணுக்குள்ள போயி ஃபியூஸ் அடிச்சிருச்சு. தகடு இல்லாம நேத்து ஓட்டியிருந்தா நேத்தே..." என்று ஒச்சப்பன் பக்கம் திரும்பினார்.

ஒச்சப்பன் மிஷின் கைப்பிடியிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. "எப்ப மொதலாளி ஓட்டலாம்?" என்று கேட்டான்.

நேற்று ஒரே ஒரு கடையில் அந்தக் கட்டை கிடைத்திருந்தால், நானே மாட்டி, அவனை ஓட்டச் சொல்லியிருப்பேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.