மூன்றாம் காம்பராவில் இருக்கிறேன்

பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்ப நான்கு நாட்கள்தான் இருந்தன. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். நான் மாத்தளை மாவட்டத்தில் வசிப்பவன் என்று கிராம சேவகர் கையெழுத்துப் போட வேண்டியது மட்டுமே பாக்கி. அது இல்லாவிட்டால் மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய இடம் எனக்குக் கிடைக்காது. என் பரீட்சைப் புள்ளிகளுக்கு வேறு வழியும் இல்லை.

கிராம சேவகர் நல்ல மனிதர்தான். தன் பட்டியலை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் ஆட்களின் பெயர்கள் தன்னிடம் இல்லை, தோட்டத்து ஆபீஸில் கடிதம் வாங்கி வா என்று சிங்களத்தில் சொன்னார். டவுனில் தெரிந்த கடை இருந்தால் அந்த விலாசத்தைப் போட்டுக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

ஆபீஸில் பெரிய கிளாக்கர் செக்ரோலை விரித்தார். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே, லயத்து அறையான காம்பரா வாரியாக, அந்தப் புத்தகத்தில் இருப்பார்கள்.

"ஏழாம் லயம், மூணாம் காம்பரா. ஒங்கம்மா பேரு இருக்கு, அண்ணன் பேரு இருக்கு. ஒன் பேரு எங்கடா?"

"நான் படிக்கிறேங்க ஐயா."

"அப்போ நீ இங்க இல்ல. ஒரு மூணு நாளைக்குப் பேரப் பதிஞ்சு புல்லு வெட்டு. லெட்டர் தந்துர்றேன்."

என் அண்ணனும் மூன்று நாளைக்கு என்றுதான் பதிந்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. பதினோரு வருடமாகத் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"பதிய மாட்டேங்க."

"அப்போ லெட்டரும் இல்ல. போ, போ. தொரை மாதிரி பேசுறான்."

பலாபத்வலைச் சோதனைச் சாவடியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கும்போதெல்லாம் லயம் எது, காம்பரா எது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். நான் அங்கேதான் வசிக்கிறேன் என்பதற்கு ஆமிக்காரர்கள் ஒருநாளும் அத்தாட்சி கேட்டதில்லை. சந்தேகப்படுவதற்கு நான் அந்த வீட்டில் இருந்தேன். படிக்கப் போவதற்குத்தான் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பேரைப் பதிந்து தொலை என்று அம்மா சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டினார்.

மறுநாள் காலை அம்மாவோடு நானும் போனேன். வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கிளாக்கர் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"எம் பேரையும் வெட்டிருங்க ஐயா."

"என்னா பேச்சு இது?"

"அந்தக் காம்பராவுல பெத்த புள்ள அங்க இல்லன்னா, பெத்தவ மட்டும் எப்பிடி இருப்பா?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்போ இத்தன வருசமா அந்தப் பய எந்த தேயில மரத்துல தூங்குனான்? கங்காணி, கவாத்து வெட்டுறப்போ பாத்தீங்களா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். யாரும் மலைக்கு ஏறவில்லை. கொழுந்து பறிக்கப் போகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கிளாக்கர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களா இருக்கும் பக்கம் பார்த்தார்.

அன்று பகலுக்கு முன் கடிதம் கிடைத்தது. இரண்டே வரி. கிராம சேவகர் கையெழுத்துப் போட்டார். விலாசம் என்ற இடத்தில் ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா என்று நானே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். "அந்த விலாசத்துக்கு ஒரு கடுதாசி வந்து பாத்ததில்ல, ஆபீஸ்லயே கெடந்து மக்கிப் போகும்" என்றார் அண்ணன்.

மாதங்கள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றும் நான் களத்தோரம் நின்றிருந்தேன். பெரட்டில் ஆட்களைக் கூப்பிட்டு முடித்த பிறகு, கிளாக்கர் ஒரு நீளமான உறையைத் தூக்கிப் பிடித்து என் பெயரை வாசித்தார். செக்ரோலில் இல்லாத பெயர். கூடவே லயத்தையும் காம்பராவையும் வாசித்தார், எழுதியிருந்தபடியே.

"இருக்கேங்க" என்றேன், லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரைக்கும் கேட்கும்படி.